பெட்டிக்குள் காறல் வாடை

அந்தப் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் நான் செய்த முதல் காரியம், போலீஸ் ஸ்டேஷன் வராந்தாத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குமட்டியதுதான்.

"இசக்கிதுரை, சாட்சியத்து மேல வாந்தி எடுத்துராதே," என்றார் மேடம்.

"சாட்சியம்தான் என் மேல வாந்தி எடுக்குது மேடம்."

பெட்டிக்குள்ளிருந்து கரப்பான்கள் புறப்பட்டன. குட்டியும் குஞ்சுமாக, கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வருவதுபோல நிதானமாக. ஒன்று என் செருப்பைத் தாண்டிப் போனது. செத்துப்போனவை உள்ளே மல்லாந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவில், பக்கங்கள் உப்பிப்போன ஒரு கறுப்பு பேட்டரி. அதன் இரண்டு முனைகளிலும் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ அப்பிக் கிடந்தது. வாடை அங்கிருந்துதான் வந்தது.

மேடத்தின் பெயர் பர்ஸானா. மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த ராவுத்தர் வீட்டுப் பெண். பஜாரில் ஒரு இஞ்சிக் கிடங்கின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். நான் எர்ணாகுளத்து ஓட்டல் ஒன்றில் சப்ளையராக இருந்தவன். கஸ்டமரின் தட்டை மோந்து பார்த்து, "அண்ணாச்சி, இந்தக் கறி வேண்டாம்" என்று சொன்னதால் துரத்தப்பட்டவன். என் மூக்கை நம்பி மேடம் என்னைச் சேர்த்துக்கொண்டார். மூக்குக்குச் சம்பளம், வாய்க்குத் திட்டு என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த சந்தனமாரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் புருஷன் பிச்சை உள்ளே லாக்கப்பில் இருந்தான். சாயந்திரம் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் காலையிலேயே எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். மிளகு வியாபாரி நைனா முகம்மது, ஊருக்கு உதவட்டும் என்று ஒரு ஆம்புலன்ஸ் வாங்கி விட்டிருந்தார். வண்டி அவர் வீட்டு வாசலில்தான் நிற்கும். சும்மா நிற்கிற வண்டிக்கு பேட்டரி இறங்கிப்போகும் அல்லவா? அதற்காக ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டியும் வாங்கி, தன் வீட்டுக்குள் சார்ஜில் போட்டு வைத்திருந்தார். சின்ன சூட்கேஸ் அளவு இருக்கும். அதன் சிவப்பு, கறுப்பு கிளிப்புகளை வண்டி பேட்டரியில் மாட்டினால், பெட்டிக்குள் இருக்கிற பேட்டரி ஒரு உதை கொடுத்து வண்டியைக் கிளப்பிவிடும். அந்த உள் பேட்டரி தேய்ந்துபோனதால், வண்டி எலக்ட்ரிக் வேலை பார்க்கும் பிச்சையிடம் கொடுத்துப் புதிது மாற்றினார்கள். கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

முந்தாநாள் காலையில் பெரியவருக்கு நெஞ்சுவலி வந்தது. வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பவில்லை. பெட்டியை மாட்டினார்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் அடைத்து நின்ற அந்தச் சந்தில் இன்னொரு கார் நுழையாது. ஆட்டோவைத் தேடிப் பிடித்து வருவதற்குள், தான் வாங்கிக் கொடுத்த ஆம்புலன்ஸிலேயே பெரியவர் போய்விட்டார்.

மறுநாள் அவர் மகன் ஷாஃபி, பிச்சையைக் கடையிலிருந்து இழுத்து வந்து பஜார் நடுவில் வைத்து அறைந்தான். "பழைய பேட்டரியைப் போட்டு ஏமாத்தி எங்க அத்தாவைக் கொன்னுட்டான்!" என்று கத்தினான். கூட்டம் கடையை உடைத்தது. போலீஸ் பிச்சையைக் கொண்டுபோனது.

எஸ்.ஐ. மாளவிகா கர்சீப்பை மூக்கில் வைத்தபடி வெளியே வந்தார். "எந்தா பர்ஸானா, பார்த்தாச்சில்லே? பேட்டரி பழசு. உங்க ஆளு மாட்டினதுதான். கேஸ் கழிஞ்ஞு, முடிஞ்சாச்சு."

"யக்கா, அவுக மாட்டுனது இது இல்லக்கா!" சந்தனமாரி எழுந்தாள். "எங்க வீட்டுக்காரரு கம்பி முனைக்கு வேசலின்தான் தடவுவாக. உப்புக் காத்துக்கு அதான் நிக்கும்பாக. இந்தக் கருமத்தையெல்லாம் கடைக்குள்ளேயே விடமாட்டாக. அதுவும் போக, புது பேட்டரின்னா அடிப்பக்கம் ஒரு குங்குமப் பொட்டு வச்சுத்தான் பெட்டிக்குள்ள இறக்குவாக. வேசலின்ல குழைச்சு வைப்பாக, அழியவே அழியாது."

"அடிப்பக்கமா? எதுக்கு?" என்றார் மேடம்.

"எல்லா சாமியையும் கும்பிடுதவுக வர்ற கடை. மேல வச்சா யாராச்சும் மூஞ்சியைச் சுளிச்சிருவாகன்னுதான்."

மேடம் உறை மாட்டிய கையால் பேட்டரியைப் புரட்டினார். அடியில் பொட்டு இல்லை. ஒரு கரப்பான் முட்டைதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பழைய பேட்டரிக்கு ஆராவது பொட்டு வைக்குமோ?" என்றார் மாளவிகா. "பொட்டு இல்லைங்கறதுதானே எனக்கு சாட்சி!"

எனக்கு எரிச்சலாக வந்தது.

"இசக்கி, மோந்து பாரு," என்றார் மேடம்.

"மேடம், நான் காலையில சாப்பிட்டுட்டேன்."

"பாருன்னேன்."

பார்த்தேன். என் வாழ்நாளில் நான் செய்த தியாகங்களில் அதுதான் பெரியது. "தேங்காய் எண்ணெய். காறிப்போனது. அதுக்குள்ள மீன் வாடை."

மேடம் கண்ணைச் சுருக்கினார். "ஆம்புலன்ஸ் ஓட்டுறது யாரு?"

"ஷமீல்," என்றார் மாளவிகா. "சுள்ளிக்கல்லுல வீடு. வண்டியையும் கட்டி இழுத்து இப்போ அங்கேதான் நிறுத்தியிருக்கு."

*

சுள்ளிக்கல்லில் மதில் ஓரமாக ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. பக்கத்தில் டிரைவர் ஷமீல் மொபைல் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் ஸ்கூட்டரைக் கண்டதும் மொபைல் பைக்குள் போனது.

"பின்கதவைத் திற," என்றார் மேடம்.

"அது... அது லாக் ஆகிப்போச்சு, இத்தா." மேடத்தை அக்கா முறையில் அங்கே எல்லோரும் கூப்பிடுவது அப்படித்தான்.

நான் கைப்பிடியை இழுத்தேன். கதவு சமர்த்தாகத் திறந்தது. உள்ளேயிருந்து வந்த வீச்சத்தில் ஓரடி பின்னால் போனேன். ஸ்ட்ரெச்சருக்கு அடியில் செதில்கள் காய்ந்து ஒட்டியிருந்தன. தரையில் சிவப்பாக நீர் தேங்கி வறண்டிருந்தது. ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பின்னால் ஒரு சாளை மீன், கண்ணைத் திறந்தபடி, நெடுநாளாக யாருக்கோ காத்திருந்தது.

"இந்த நோயாளியை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறே, ஷமீல்?" என்று கேட்டேன்.

அவன் கதவைச் சாத்தப் பார்த்தான்.

"தோப்பும்படி ஹார்பர்லேருந்து மீன் அடிக்கிறே. ஆம்புலன்ஸ்ல," என்றார் மேடம். குரலில் அருவருப்பு சொட்டியது. "சைரன் போட்டுட்டா? ஐஸ் உருகிரக்கூடாதுன்னு?"

"எப்பவாவதுதான் இத்தா... வெறுதே நிக்கிற வண்டிதானே..."

"மனுசன் படுக்கிற இடத்துல!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு கேஸ் முடிந்த மாதிரிதான் இருந்தது. மீன்காரக் கை, பெட்டிக்குள் மீன் வாடை, பேட்டரியைக் கழற்றி விற்றவன் இவனேதான். மேடத்தின் காதில் சொன்னேன்.

"உள்ளே போய் இன்னொரு தடவை மோந்துட்டு வா," என்றார்.

"மேடம், நீங்க என்னைக் கொலை செய்யப் பாக்குறீங்க."

போனேன். மோந்தேன். வெளியே வந்து மதிலில் சாய்ந்து மூச்சு வாங்கியபோதுதான் எனக்கே உறைத்தது. "இது பச்சை மீனு மேடம். பெட்டியில இருந்தது வறுத்த மீனு. மிளகாப்பொடி கருகின வாசனைகூட இருந்துச்சு."

"அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன். மீன் வறுத்து மிச்சமான எண்ணெய். ஆம்புலன்ஸ்ல யாரும் மீன் வறுக்கமாட்டாங்க." மேடம் ஷமீலிடம் திரும்பினார். "பிச்சை மாட்டிக் கொடுத்த பிறகு நீ அந்தப் பெட்டியை உபயோகிச்சியா? பொய் சொன்னா நேரா மாளவிகா மேடம்கிட்ட போறேன். இந்தச் சாளையையும் எடுத்துட்டுப் போவேன்."

ஷமீல் சாளையை ஒரு தடவை பார்த்தான். "ஒரு தடவை, இத்தா. ஹார்பருக்குப் போகணும், வண்டி எடுக்கலை. பெரியவர் நைனாக்கா வீட்டுலேருந்து பெட்டியை வாங்கி மாட்டினேன். ஒரே உதைதான், சிங்கம் மாதிரி எடுத்துச்சு. திருப்பி அவங்க வீட்டுலேயே கொடுத்துட்டேன். பிச்சை அண்ணன் நல்ல பேட்டரிதான் போட்டாரு. அது எனக்குத் தெரியும்."

"தெரியுமா?" நான் கத்திவிட்டேன். "அந்த ஆளு லாக்கப்புல உட்கார்ந்திருக்கான். அவன் பொஞ்சாதி ஸ்டேஷன் பெஞ்சுல கிடந்து அழுவுறா. தெரிஞ்சும் வாயைத் தொறக்கலையா நீ?"

"சொன்னா எதுக்கு வண்டி எடுத்தேன்னு கேப்பாங்களே, சேட்டா!"

காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. ஏற்கெனவே போதிய அளவு அசிங்கமாக இருந்த தெரு என்பதால் விட்டுவிட்டேன்.

"அதுக்குப் பிறகு என்ன நடந்துச்சு?" என்றார் மேடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒண்ணும் நடக்கலை. அப்புறம்தான் ஹர்த்தால் வந்துச்சு. ஒரு கடை இல்லை, ஒரு வண்டி இல்லை. மழையும் காத்துமா, நாள் பூரா கரண்டும் இல்லை. நான் வீட்டை விட்டே வெளியே போகலை."

மேடம் ஸ்கூட்டரைக் கிளப்பினார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

"ஹர்த்தால்," என்றார். "கடையும் இல்லை, கரண்டும் இல்லை. அந்த மாதிரி நாள்ல ஒருத்தனுக்கு பேட்டரி அவசரமா வேணும்னா எங்கே போவான், இசக்கி?"

"வீட்டுக்குள்ள சார்ஜ்ல கிடக்கிற பெட்டிக்குள்ள போவான்."

"அந்த வீட்டுக்குத்தான் போறோம். துக்கம் விசாரிக்கணும். மூஞ்சியைக் கொஞ்சம் சோகமா வச்சுக்கோ."

"அந்த சாளையை நினைச்சுக்கிறேன் மேடம்."

*

நைனா முகம்மது வீட்டில் மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். உள்கட்டில் பெண்கள் ஓதுகிற சத்தம் கேட்டது. ஹாலில் வெள்ளை ஜிப்பாவும் சிவந்த கண்ணுமாக ஷாஃபி உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால், சுவர் நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி. அதற்குள் அரோவானா ஒன்று, வெள்ளித் தகடு மாதிரி, மீசையை நீட்டிக்கொண்டு இங்குமங்கும் திரும்பியது. ஆள் தூங்குகிற கட்டிலைவிட அதன் தொட்டி பெரியது.

"வாங்க இத்தா. சாயா குடிங்க," என்றான் ஷாஃபி. "அத்தாவுக்கு உங்க மேல ரொம்ப பிரியம்."

"எனக்கும்தான்," என்றார் மேடம். அது உண்மை. "அழகான மீனு."

"அதிர்ஷ்ட மீன். இருக்கிற வீட்டுல கெட்டது நடக்காதுன்னு சொல்வாங்க." சொல்லிவிட்டு அவனே ஒரு கணம் நிறுத்தினான். பிறகு தொட்டிக்குப் பக்கத்திலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து மூடியைத் திறந்தான். "இதுக்கு வேளைக்குத் தீனி போடணும். இல்லேன்னா முறைச்சுக்கும்."

டின்னுக்குள் உயிரோடு கரப்பான்கள். ஒன்றின் மீசையைப் பிடித்துத் தூக்கித் தண்ணீரில் போட்டான். அரோவானா வாயைத் திறந்தது, 'சளக்' என்றது. அதே கையால் ஷாஃபி என் பக்கம் சாயா டம்ளரை நகர்த்தினான். நான் அந்தச் சாயாவை இன்றுவரை குடிக்கவில்லை.

"மேலே ஏறி ஓடிராதா?" என்று கேட்டார் மேடம்.

"டின் வாய்ல சுத்திலும் எண்ணெய் தடவியிருக்கேன், இத்தா. வழுக்கி விழுந்துரும். அடுக்களையில மீன் வறுத்த எண்ணெய்தான், சும்மா கொட்டுறதை எதுக்கு வேஸ்ட் பண்ணணும்?"

என் மூக்குக்கு டின் வரை போகவேண்டிய அவசியம் இருக்கவில்லை. மிளகாய்ப்பொடி கருகிய அதே காறல் வாடை. மேடம் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"இசக்கிக்கு மூச்சு முட்டுது போல. வெளியே போய் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வா," என்றார் மேடம். காற்று வாங்கச் சொல்லும்போது அவர் கண் வாசல் பக்கத்துச் சுவிட்ச் பெட்டியைப் பார்த்தது.

வெளியே போனேன். மெயின் சுவிட்சைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

ஃபேன்கள் நின்றன. விளக்கு அணைந்தது. உள்ளே ஒரு பெண் குரல், "கரண்டு போச்சே!" என்றது. ஓதுகிற சத்தமும் ஒரு கணம் நின்றது. அந்த நிசப்தத்தில் ஒன்று மட்டும் நிற்கவில்லை. தொட்டிக்குள் குமிழிகள் 'குடுகுடு'வென்று பொங்கிக்கொண்டே இருந்தன.

நான் திரும்பி ஹாலுக்கு வந்தபோது மேடம் தொட்டியின் அடியில் இருந்த சின்ன அலமாரிக் கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

"இத்தா, அது... அது தொடாதீங்க!" என்று ஷாஃபி பாய்ந்தான். நான் குறுக்கே நின்றேன். என் உடம்பு சின்னதுதான், ஆனால் ஆம்புலன்ஸ் வாடை இன்னும் என்மேல் இருந்தது. அவன் நின்றுவிட்டான்.

அலமாரிக்குள் பளபளவென்று ஒரு புது பேட்டரி. அதிலிருந்து இரண்டு ஒயர்கள், கரண்டு இருந்தால் கரண்டிலும் போனால் பேட்டரியிலும் ஓடுகிற காற்று பம்புக்குப் போயின. முனைகளில் வேசலின் வெள்ளையாகத் துலங்கியது.

"கடையில வாங்கினது!" என்றான் ஷாஃபி. "எந்தக் கடையிலயும் கிடைக்கிற சாதனம் இது. என்ன இத்தா, மவுத்து வீட்டுல வந்து இப்படி..."

மேடம் பேட்டரியை ஒயரோடு தூக்கிப் புரட்டினார். அடிப்பக்கத்தில், கலையாமல், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு குங்குமப் பொட்டு.

"ஷாஃபி, உங்க வீட்டுல பொட்டு வச்சுக்கிறவங்க யாரு?"

அவன் அந்தப் பொட்டையே பார்த்தான். இத்தனை நாளும் அந்த பேட்டரி அவன் வீட்டில்தான் இருந்தது, அதன் அடிப்பக்கத்தை மட்டும் அவன் பார்த்ததேயில்லை.

"ஹர்த்தால் அன்னைக்கு..." என்றான் மெதுவாக. "நாள் பூரா கரண்டு இல்லை. மீன் மேலே வந்து வாயைப் பொளந்துச்சு. பம்போட பழைய பேட்டரி செத்துப்போச்சு. ரெண்டும் ஒரே சைஸு. ஒரு நாளைக்குத்தானேன்னு மாத்தினேன், இத்தா. நட்டு திரும்பலை, கையில இருந்த எண்ணெயைத் தடவினேன். அப்புறம் மறந்துபோச்சு. அல்லாஹ் மேல சத்தியமா மறந்துபோச்சு."

நான் நம்பினேன். மறதி யாருக்கும் வரும். எனக்கு அவன்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது. மேடம் மட்டும் அசையவில்லை.

"சரி. மறந்துட்டே. முந்தாநாள் காலையில, பெட்டியை மாட்டினதும் 'டக்'குன்னுச்சே, அப்போ ஞாபகம் வந்துச்சா?"

ஷாஃபி தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உங்க அத்தா வண்டியில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தாரு. இந்த ஹால்லேருந்து வாசலுக்கு எவ்வளவு தூரம்? ஞாபகம் வந்துச்சா, இல்லையா?"

தொட்டியில் குமிழிகள் பொங்கிக்கொண்டிருந்தன. உள்கட்டிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வாசல் திரை அருகே வந்து நின்றிருந்தார்கள். அவனைப் பெற்ற உம்மாவும் நின்றார்.

"வந்துச்சு," என்றான்.

"எடுத்துட்டு வந்திருக்கலாமே."

"தெரு பூரா நின்னாங்க, இத்தா. எல்லாருக்கும் முன்னால மீன்தொட்டிக்கு அடியிலேருந்து அதை எப்படித் தூக்கிட்டு வருவேன்? ஆட்டோ வந்துரும்னு நினைச்சேன்."

கரப்பானையும் பார்த்தாகிவிட்டது, காறல் எண்ணெயையும் மோந்தாகிவிட்டது, ஸ்ட்ரெச்சருக்கு அடியில் அழுகிய மீனும் ஆயிற்று. அன்றைக்கு எனக்கு உண்மையாகவே குமட்டியது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

"அதுக்கப்புறம் பிச்சையை அறைஞ்சே," என்றார் மேடம். ஒயரைப் பிடுங்கினார். பம்பு நின்றது.

"இத்தா!" ஷாஃபி பதறிப்போய்க் கையை நீட்டினான். "கழட்டாதீங்க, மீன் செத்துப்போகும்!"

திரைக்குப் பின்னாலிருந்து அவன் உம்மா வெளியே வந்தார். மேஜை மேலிருந்த கரப்பான் டின்னை எடுத்தார், அவன் வெள்ளை ஜிப்பாவின் மடியில் கவிழ்த்தார், திரும்பி உள்ளே போய்விட்டார்.

நான் போய் மெயினைப் போட்டேன். மீன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

*

சாயந்திரம் மாளவிகா பிச்சையை வெளியே விட்டார். "ஸாரி கேட்டோ," என்று ஒரு தடவை சொன்னார். போலீஸ் ஸ்டேஷனில் அதுவே பெரிய மரியாதை. ஷாஃபியை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். ஷமீலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், தள்ளி உட்காரச் சொல்லி எல்லோரும் அவனை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

வண்டி ஊருக்கு வேண்டும், பெட்டியைச் சரி செய்துகொடுக்க முடியுமா என்று மேடம் கேட்டார். கேட்கும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. பிச்சை பெட்டியை இழுத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தான். அவன் இடது கன்னத்தில் விரல் தடம் இன்னும் வீங்கியிருந்தது.

செத்த கரப்பான்களைத் தட்டிக் கொட்டினான். சந்தனமாரி வெந்நீரும் சோடா உப்பும் வாங்கி வந்தாள். அந்தக் காறல் பிசினை பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, வெயில் படுகிற திண்டில் காயவைத்தான். தொட்டி அலமாரியிலிருந்து வந்த தன் பேட்டரியை உள்ளே இறக்கி, சிவப்பு ஒயரை மாட்டி நட்டை முறுக்கினான், பிறகு கறுப்பு. வேசலின் தடவினான். மாளவிகா தன் ஜீப்பையே கொண்டுவந்து நிறுத்தி, அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பெட்டியால் கிளப்பிக் காட்டச் சொன்னார். கிளிப்பை மாட்டியதும் ஜீப் ஒரே உதையில் உறுமியது.

பிச்சை மூடியை வைத்துத் திருகினான். சந்தனமாரி முந்தானை முடிச்சிலிருந்து குங்குமத்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை வேசலினில் குழைத்து, பெட்டியின் நெற்றியில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அழுத்தி ஒரு பொட்டு வைத்தான்.

"என்ன பிச்சை, மேலே வச்சுட்டே?" என்று கேட்டேன்.

"அடியில வச்சது போதும் அண்ணாச்சி," என்றான்.